கிளேர்வாயன்ஸ்: பார்க்காமல் பார்ப்பதற்கு ஓர் ஆங்கிலச் சொல்

பல வருடங்களுக்கு முன்பு, வேலை விஷயமாக ஓர் ஆங்கிலேயருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "மூன்றாம் பக்கத்தில் சொன்ன மாற்றத்தைச் செய்துவிட்டீர்களா?" என்று ஒரே ஒரு வரி. எந்தக் கோப்பு, என்ன மாற்றம் என்று எதுவும் எழுதவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு. பதிலும் ஒரே வரியில் வந்தது: "ஐ ஆம் நாட் கிளேர்வாயன்ட்."

அகராதியைப் புரட்டினேன். ஞானதிருஷ்டி உடையவர் என்று போட்டிருந்தது. தனக்கு ஞானதிருஷ்டி இல்லை என்பதை இந்த மனிதர் எதற்காக எனக்குத் தெரிவிக்கிறார் என்று அரை நாள் குழம்பினேன். பக்கத்து மேசைக்காரர்தான் படித்துப் பார்த்துவிட்டு, "உன்னைத் திட்டியிருக்கிறார்" என்றார்.

இந்தச் சொல்லிடம் இதுதான் சிக்கல். அகராதியில் பார்த்தால் அமானுஷ்யம். அலுவலகத்தில் பார்த்தால் எரிச்சல். கணினிப் பாடத்தில் பார்த்தால் கணக்கு. பொருள் தெரிந்தும் வாக்கியம் புரியாமல் போவதற்கு இது நல்ல உதாரணம். அதனால் பொருளோடு நிறுத்தாமல், அது எப்படிப் புழங்குகிறது என்பதையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

முதலில் எளிய பொருள். கண், காது முதலிய புலன்களின் துணையில்லாமலே, எங்கோ இருக்கும் ஒரு பொருளையோ எங்கோ நடக்கும் ஒன்றையோ அறிந்துகொள்ளும் ஆற்றலுக்குக் கிளேர்வாயன்ஸ் என்று பெயர். ஒட்டிய உறையைப் பிரிக்காமல் உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிப்பது, நூறு மைலுக்கு அப்பால் எரியும் வீட்டை இங்கே உட்கார்ந்தபடியே காண்பது, இப்படி. அந்த ஆற்றல் தனக்கு இருக்கிறது என்று சொல்லிக்கொள்பவர் கிளேர்வாயன்ட். வரப்போவதை முன்கூட்டியே காண்பதையும் இன்றைய அகராதிகள் இதற்குள் சேர்த்துக்கொள்கின்றன. அது கொஞ்சம் வம்பான இடம், பிறகு வருகிறேன்.

உச்சரிப்பில் அழுத்தம் நடுவில் விழ வேண்டும்: கிளேர்-வாய்-அன்ஸ். 'வாய்ஸ்', 'பாயிண்ட்' என்று சொல்லும்போது வருகிற அதே ஒலிதான் நடுவில். பிரிட்டனில் பலர் முதல் அசையின் 'ர்' ஒலியை விழுங்கிவிடுவார்கள், அமெரிக்காவில் அது நன்றாகக் கேட்கும். கண் சம்பந்தப்பட்ட சொல்லுக்கு நடுவில் 'வாய்' இருப்பது தமிழ் காதுக்கு வேடிக்கைதான். ஆனால் அந்த 'வாய்'தான் இந்தச் சொல்லின் கண்.

எப்படி என்றால், இது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். பிரெஞ்சில் 'கிளேர்' என்றால் தெளிவான. பார்ப்பதற்கு அந்த மொழியில் 'வ்வார்' என்று ஒரு வினை. அதிலிருந்து வருவது 'வ்வாயான்', அதாவது பார்க்கிற. சேர்த்தால் தெளிவாகப் பார்த்தல். அவ்வளவுதான். அமானுஷ்யம் எதுவும் இந்த இரண்டு துண்டுகளிலும் இல்லை.

முதல் துண்டின் சொந்தக்காரர்களை நமக்கு நன்றாகத் தெரியும்: கிளியர், கிளாரிட்டி, டிக்ளேர். எல்லாம் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. இரண்டாம் துண்டின் சொந்தம் இன்னும் பெரிது. வீடியோ, விஷன், வியூ, எவிடன்ஸ், சர்வே எல்லாம் 'பார்' என்று பொருள்படும் லத்தீன் வினையின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். முன்பே பார்த்த மாதிரி தோன்றுவதை 'தேஜா வூ' என்கிறோமே, அந்த 'வூ'கூட இதே வினைதான். சூப்பர்வைஸ் என்பதும் இதே குடும்பம். மேல் என்பதற்கு ஒரு துண்டு, பார்வை என்பதற்கு ஒரு துண்டு: மேற்பார்வை. ஆனால் ஒன்று, 'வாயேஜ்' என்ற பயணச் சொல் எழுத்தில் இதன் தம்பி மாதிரித் தெரிந்தாலும் அது வேறு வீட்டுப் பிள்ளை. அது வழி என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது.

இங்கே ஒரு சுவாரசியம் இருக்கிறது. சொல்லைக் கொடுத்த பிரெஞ்சுக்காரர்கள் அதை இன்றும் பழைய பொருளில்தான் பெரும்பாலும் வைத்திருக்கிறார்கள். ஓர் அரசியல்வாதிக்குக் 'கிளேர்வ்வாயான்ஸ்' இருக்கிறது என்று ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை எழுதினால், அவர் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டவர், கூர்மதியாளர் என்று அர்த்தம். எதிர்காலம் சொல்லித் தொழில் நடத்துகிறவர்களை அவர்கள் வெறுமனே 'வ்வாயான்' என்பார்கள், பெண்ணாக இருந்தால் 'வ்வாயான்ட்'. அதே அரசியல்வாதியை ஆங்கிலத்தில் கிளேர்வாயன்ட் என்று எழுதினால் அவர் மாயக் கண்ணாடிப் பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் ஆகிவிடும். இரண்டு மொழிகளில் ஒரே எழுத்து, ஒன்றில் பாராட்டு, மற்றொன்றில் சிரிப்பு. மொழிபெயர்ப்பாளர்கள் கால் தடுக்கி விழுகிற இடம் இது.

ஆங்கிலத்திலும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் கிளேர்வாயன்ட் என்ற உரிச்சொல் உள்ளே வந்தபோது விவரம் தெரிந்த, தெளிவான பார்வையுள்ள என்ற பொருளில்தான் வந்தது. பிறகு எப்படி அது அமானுஷ்யத்தின் பக்கம் சாய்ந்தது? அதற்கு ஒரு வைத்தியரைப் பற்றிப் பேச வேண்டும்.

ஃப்ரான்ஸ் அன்டன் மெஸ்மர் வியன்னாவில் மருத்துவராக இருந்தவர். உயிர்களின் உடம்பில் ஒருவகைக் காந்தப் பாய்மம் ஓடுகிறது, அது தடைபட்டால் நோய், அதைச் சரிசெய்தால் குணம் என்று சொல்லி 1778இல் பாரிசுக்கு வந்து பெரும் பரபரப்பைக் கிளப்பினார். 'மெஸ்மரைஸ்' என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்ததுதான். 1784இல் பதினாறாம் லூயி மன்னர் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியலாளர் லவாய்சியே ஆகியோர் அதில் இருந்தார்கள். அப்படி ஒரு பாய்மம் இல்லை, எல்லாம் நோயாளியின் கற்பனை செய்கிற வேலை என்று குழு முடிவு சொன்னது.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதே 1784இல் மெஸ்மரின் மாணவரான புய்செகூர் பிரபு, தன் பண்ணையில் வேலை செய்த விக்டர் ராஸ் என்ற இளைஞனுக்கு வைத்தியம் பார்த்தபோது, அவன் ஒரு விசித்திரமான தூக்கத்தில் ஆழ்ந்தான். தூங்கியபடியே பேசினான். விழித்திருக்கும்போது இருப்பதைவிடத் தெளிவாகப் பேசினான். தன் நோய்க்கு என்ன செய்ய வேண்டும் என்று தானே சொன்னான். இன்றைக்கு நாம் ஹிப்னாடிசம் என்று அழைப்பதன் தொடக்கக் கதை இது. அந்தத் தூக்கத்தில் ஆழ்ந்தவர்கள் தங்கள் உடம்புக்குள்ளும், அடுத்தவர் உடம்புக்குள்ளும், மூடிய பெட்டிக்குள்ளும், தூர தேசத்திலும் 'பார்ப்பதாக'ச் சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பார்வைக்குத் தெளிவான பார்வை என்ற சொல் பொருந்திப்போனது.

இந்த அலை 1830களின் இறுதியில் லண்டனைத் தொட்டது. கிளேர்வாயன்ஸ் என்ற பெயர்ச்சொல் ஆங்கில அச்சில் அமானுஷ்யப் பொருளில் தலைகாட்டியதும் அதே காலத்தில்தான். ஜான் எலியட்சன் என்ற புகழ்பெற்ற மருத்துவர், ஓக்கி சகோதரிகள் என்ற இரண்டு இளம்பெண்களை மயக்க நிலையில் ஆழ்த்தி, மருத்துவமனையிலேயே கூட்டம் கூட்டிக் காட்டினார். மெஸ்மர் சொன்ன அந்த சக்தியை நிக்கல் உலோகம் கடத்தும், ஈயம் கடத்தாது என்பது அவர் வாதம். லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் தாமஸ் வாக்லி 1838இல் ஒரு சோதனை வைத்தார். ஈயத்தைத் தொடவைத்துவிட்டு, அது நிக்கல் என்று அந்தப் பெண் நம்பும்படி செய்தார். உடனே வலிப்பு வந்தது. உண்மையான நிக்கலைச் சொல்லாமல் தொடவைத்தபோது எதுவும் நடக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் எலியட்சன் தன் பதவிகளைவிட்டு விலக வேண்டிவந்தது. கவனியுங்கள், சொல்லும் அதன்மேல் விழுந்த சந்தேகமும் ஆங்கிலத்தில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பிறந்திருக்கின்றன. இன்றுவரை இரண்டும் சேர்ந்தே திரிகின்றன.

அதற்கு முன்பு இந்த மாதிரிக் கதைகளே இல்லையா என்றால், இருந்தன. சொல்தான் இல்லை. ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் இதை 'செகண்ட் சைட்', அதாவது இரண்டாம் பார்வை என்றார்கள். ஐரோப்பாவில் அடிக்கடி சொல்லப்படுகிற கதை, அறிவியலாளராக இருந்து ஆன்மிகத்துக்குத் திரும்பிய ஸ்வீடன் நாட்டுக்காரர் ஸ்வீடன்போர்க்குடையது. 1759 ஜூலையில் அவர் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஒரு விருந்தில் இருந்தாராம். திடீரென்று முகம் வெளிறி, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்டாக்ஹோமில் தீப் பிடித்திருக்கிறது என்றாராம். கொஞ்ச நேரம் கழித்து, தன் வீட்டுக்கு மூன்று வீடு முன்னால் தீ அணைந்துவிட்டது என்று நிம்மதியடைந்தாராம். பிறகு வந்த செய்தியும் அப்படியே இருந்ததாம். இதைக் கேள்விப்பட்டு எழுதியவர்களில் தத்துவவாதி கான்ட்டும் ஒருவர். 1766இல் ஒரு தனி நூலே எழுதி ஸ்வீடன்போர்க்கைக் கேலியும் செய்தார். அந்தத் தீ நிஜம், ஸ்டாக்ஹோமின் ஒரு பகுதி எரிந்தது. மற்றவை எல்லாம் 'ஆம்' விகுதியோடுதான் எழுத வேண்டியவை.

அந்தக் கதையில் ஒன்று முக்கியம். அவர் நாளை நடக்கப்போவதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் நடந்துகொண்டிருப்பதைத்தான் சொன்னார். நமக்குத் தெரிந்த கதைகளிலேயே இந்த வேறுபாடு அழகாக இருக்கிறது. குருட்சேத்திரத்தில் நடக்கும் போரை அரண்மனையில் இருந்தபடி கண்ணிழந்த திருதராட்டிரனுக்குச் சொன்னவன் சஞ்சயன். அவன் பார்த்துச் சொன்னான். சகாதேவன் அப்படியல்ல. நாள், கோள் பார்த்துக் கணித்துச் சொல்பவன். சஞ்சயனிடம் இருந்தது கிளேர்வாயன்ஸ், சகாதேவனிடம் இருந்தது ஜோதிடம். ஜோதிடரைக் கிளேர்வாயன்ட் என்று எழுதினால் இந்த இரண்டு பேரையும் ஒருவராக்கிவிடுகிறோம். ஜோதிடருக்குக் கட்டம் வேண்டும், பிறந்த நேரம் வேண்டும். கிளேர்வாயன்ட்டுக்கு எதுவும் வேண்டாம், கண்ணை மூடினால் போதும்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

இதே தெருவில் இன்னும் சில சொற்கள் குடியிருக்கின்றன. அவற்றைப் பிரித்துக்காட்ட ஒரு சீட்டுக்கட்டு போதும். இது நானாகச் சொல்வதல்ல, அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன் 1930களில் உண்மையாகவே இப்படித்தான் பிரித்தார். அவருடைய சக ஊழியர் கார்ல் ஜீனர் வடிவமைத்த கட்டில் 25 சீட்டுகள். வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடுகள், சதுரம், நட்சத்திரம் என்று ஐந்து குறிகள், ஒவ்வொன்றும் ஐந்து முறை. குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாக வரும்.

ஒருவர் சீட்டை எடுத்துப் பார்க்கிறார், அடுத்த அறையில் இருப்பவர் அது என்னவென்று சொல்கிறார். சரியாகச் சொன்னால் அவர் சீட்டைப் பார்த்தாரா, பார்த்தவரின் மனத்தைப் படித்தாரா? மனத்தைப் படிப்பது டெலிபதி. இந்தச் சொல்லை 1882இல் உருவாக்கியவர் ஃபிரெடெரிக் மையர்ஸ். சரி, இப்போது யாருமே சீட்டைப் பார்க்கவில்லை, கவிழ்த்து வைத்தபடியே இருக்கிறது என்று வையுங்கள். இப்போது படிப்பதற்கு எந்த மனமும் இல்லை. அப்போதும் சரியாகச் சொன்னால் அது கிளேர்வாயன்ஸ். மூன்றாவதாக, கட்டைக் கலைப்பதற்கு முன்பே, கலைத்த பிறகு எந்த வரிசையில் வரும் என்று சொன்னால்? அதற்குப் பெயர் பிரீகாக்னிஷன், முன்னறிவு. ஆக, ஆராய்ச்சியாளர்கள் பேச்சில் கிளேர்வாயன்ஸ் என்பது பொருளைப் பற்றியது, நிகழ்காலத்தைப் பற்றியது. மூன்றுக்கும் சேர்த்துப் போட்ட பொதுப் பெயர்தான் ஈ.எஸ்.பி., புலன்களுக்கு அப்பாற்பட்ட அறிதல். 1934இல் ரைன் எழுதிய நூலால் அது வீட்டுப் பேச்சாகிவிட்டது.

அந்தச் சோதனைகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். ரைனுக்குக் கிடைத்த நல்ல மதிப்பெண்கள் மற்றவர்கள் செய்து பார்த்தபோது கிடைக்கவில்லை. தொடக்கத்தில் அச்சிட்ட சீட்டுகள் சிலவற்றில் குறி பின்பக்கமே தெரிந்ததாகவும் விமர்சனம் எழுந்தது. பின்னர் அமெரிக்க அரசே இதில் இறங்கியது. தொலைவில் இருக்கும் இடங்களை மனத்தால் பார்க்க முடியுமா என்று 1970களிலிருந்து பணம் செலவிட்டது. அவர்கள் கிளேர்வாயன்ஸ் என்ற பழைய சொல்லைத் தொடாமல் 'ரிமோட் வியூயிங்' என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டார்கள். பெயரை மாற்றினால் ஆய்வகத்துக்குள் விடுவார்கள் என்ற நம்பிக்கையோ என்னவோ. கடைசியில் ஸ்டார்கேட் என்ற பெயரில் இருந்த அந்தத் திட்டத்தை, உளவு வேலைக்குப் பயன்படவில்லை என்ற மதிப்பீட்டுக்குப் பிறகு 1995இல் மூடினார்கள். மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் அறக்கட்டளை, இப்படி ஏதாவது ஓர் ஆற்றலைச் சோதனையில் நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக நெடுநாள் அறிவித்து வைத்திருந்தது. யாரும் வாங்கவில்லை.

மற்ற சொற்களை வேகமாகக் கடந்துவிடலாம். பிரீமனிஷன் என்றால் ஏதோ கெட்டது வரப்போகிறது என்று நெஞ்சுக்குள் தட்டுவது. அதில் காட்சி இல்லை, கலக்கம் மட்டும். பிராஃபெசி என்பது மதம் சார்ந்தது, கடவுள் வாக்காக வருவது. மீடியம் என்பவர் இறந்தவர்களோடு பேசுவதாகச் சொல்பவர். சைக்கிக் என்பது இவர்கள் எல்லோருக்கும் விரித்த பெரிய குடை. கிளேர்வாயன்ஸைப் பார்த்து வார்த்த சொல்லும் உண்டு: கிளேராடியன்ஸ், அதாவது காதின் துணையில்லாமலே கேட்பது. ஃபோர்சைட் இந்தக் கூட்டத்திலேயே சேராது. அது யோசித்து முன்கூட்டியே திட்டமிடுவது, எந்த மாயமும் இல்லாத சாதாரணப் பாராட்டு.

வாக்கியத்தில் எப்படி உட்கார வைப்பது

இலக்கணம் எளிது. 'சைலன்ஸ் - சைலன்ட்', 'இம்பார்ட்டன்ஸ் - இம்பார்ட்டன்ட்' தெரியும் அல்லவா? அதே ஜோடிதான் 'கிளேர்வாயன்ஸ் - கிளேர்வாயன்ட்'. முதலாவது ஆற்றலின் பெயர். அதற்குப் பன்மை கிடையாது, முன்னால் 'எ' போட முடியாது. இரண்டாவது உரிச்சொல்லாகவும் வரும், ஆளைக் குறிக்கும் பெயராகவும் வரும். 'ஷி இஸ் கிளேர்வாயன்ட்' என்றாலும் சரி, 'ஷி இஸ் எ கிளேர்வாயன்ட்' என்றாலும் சரி. முதலில் சொன்னது குணத்தைச் சொல்கிறது, அடுத்தது ஏறக்குறைய அவர் தொழிலையே சொல்லிவிடுகிறது. ஆளைக் குறிக்கும்போது பன்மை உண்டு: கிளேர்வாயன்ட்ஸ். 'டு கிளேர்வாய்' என்று ஒரு வினை இருக்கும் என்று நினைக்க வேண்டாம், அப்படி ஒன்று இல்லை. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பெண்ணாக இருந்தால் கடைசியில் ஒரு 'இ' சேர்த்து எழுதினார்கள், இன்று அது பழம்பொருள்.

எழுத்தில் இருக்கும் ஒரே கண்ணி, வாய்க்கு அடுத்து வருவது 'ஏ', 'இ' அல்ல. சைலன்ஸில் 'இ' வருகிறதே என்று இங்கேயும் போட்டுவிடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன்.

இலக்கணத்தைவிட முக்கியம் துணைக்கு வரும் சொற்கள். ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர்கள் கிளேர்வாயன்ஸைத் தனியாக வெளியே அனுப்புவதில்லை. 'ஷி கிளெய்ம்ஸ் டு பி கிளேர்வாயன்ட்' என்பார்கள், அதாவது தனக்கு அந்த ஆற்றல் உண்டு என்று சொல்லிக்கொள்கிறார். 'சப்போஸ்ட் கிளேர்வாயன்ட்' என்பார்கள், அப்படிக் கருதப்படுபவர். 'செல்ஃப் ஸ்டைல்ட் கிளேர்வாயன்ட்' என்றால் தானே தனக்குப் பட்டம் சூட்டிக்கொண்டவர். தமிழில் நாம் 'கூறப்படுகிறது', 'என்கிறார்கள்', 'ஆம்' என்று ஒதுங்கி நிற்போமே, அதே ஒதுக்கம். செய்தியில் 'எ கிளேர்வாயன்ட் ஹெல்ப்ட் தி போலீஸ்' என்று நேராக எழுதினால், எழுதியவரே அதை நம்புகிறார் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். நம்புகிறவர்கள் பயன்படுத்துவது 'தி கிஃப்ட் ஆஃப் கிளேர்வாயன்ஸ்', அதாவது வரம். நம்பாதவர்கள் 'கிஃப்ட்' என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் அடைப்பார்கள். ஒரே ஒரு துணைச்சொல்லைப் பார்த்து எழுதியவர் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

கூர்மதி என்ற பழைய பொருளில் ஆங்கிலத்தில் இன்றும் பயன்படுத்தலாமா? அகராதி அனுமதிக்கிறது. ஒரு விமர்சகரின் 'கிளேர்வாயன்ட்' வாசிப்பு என்று சிலர் எழுதுவதும் உண்டு. ஆனால் புதிதாகக் கற்பவருக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். வேலை விண்ணப்பத்தில் 'ஐ ஆம் கிளேர்வாயன்ட்' என்று எழுதினால் கூர்மையானவர் என்று நினைக்க மாட்டார்கள். அதற்கு 'பர்செப்டிவ்', 'இன்சைட்ஃபுல்' என்று பத்திரமான சொற்கள் இருக்கின்றன.

இல்லை என்று சொல்வதற்கு

இனி அந்த மின்னஞ்சலுக்கு வருவோம். அன்றாட ஆங்கிலத்தில் இந்தச் சொல் நம்பிக்கையோடு வருவதைவிட மறுப்போடு வருவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். 'ஐ ஆம் நாட் கிளேர்வாயன்ட்': நீ சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும்? 'யூ டோன்ட் நீட் டு பி கிளேர்வாயன்ட் டு சீ வேர் திஸ் இஸ் கோயிங்': இது எங்கே போய் முடியும் என்று தெரிய பெரிய ஞானம் ஒன்றும் தேவையில்லை. முதலாவதில் எரிச்சல், இரண்டாவதில் நக்கல். முன்னதை மேலதிகாரியிடம் சொல்வதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள். மரியாதையான சொற்களால் ஆனதுதான், ஆனால் குத்தும்.

இந்த மறுப்பு வேலைக்கு அறிவியலும் சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கணினியின் நினைவகம் நிரம்பிவிட்டால், புதிய பக்கத்துக்கு (தகவலின் ஒரு துண்டுக்கு அங்கே பக்கம் என்று பெயர்) இடம் கொடுக்க ஏதாவது பழைய பக்கத்தை வெளியேற்ற வேண்டும். எதை? இனி எது மிக நீண்ட காலத்துக்குத் தேவைப்படாதோ அதை. 1966இல் லாஸ்லோ பெலாடி சொன்ன வழி இது. சரியான விடைதான். ஆனால் இனி எது எப்போது தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், நிஜக் கணினிக்கு அது தெரியாது. அதனால் இதற்குக் 'கிளேர்வாயன்ட் அல்காரிதம்' என்று பெயர் வந்தது. யாரும் இதை அப்படியே ஓட்டுவதில்லை. மற்ற வழிகள் இதற்கு எவ்வளவு பக்கத்தில் வருகின்றன என்று அளந்து பார்க்க வைத்திருக்கிறார்கள். ஒரு வேலை முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாமலே வரிசைப்படுத்துவதற்கு 'நான் கிளேர்வாயன்ட் ஷெட்யூலிங்' என்று பெயர். கவனித்தீர்களா, இங்கே பொருள் எதிர்காலத்துக்குத் தாவிவிட்டது. ரைனின் பிரிவினை ஆய்வகத்தோடு நின்றுவிட்டது. பொதுவழக்கு சஞ்சயனையும் சகாதேவனையும் ஒன்றாகவே பார்க்கிறது, அகராதிகளும் அதற்குத் தலையசைத்துவிட்டன. நான் முதலில் வம்பு என்றது இதைத்தான்.

முடிவெடுக்கும் கலையைக் கணக்காக மாற்றிய ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ரொனால்ட் ஹோவர்ட், கற்பனையான ஒரு கிளேர்வாயன்ட்டை வேலைக்கே வைத்துக்கொண்டார். அந்த ஆளிடம் கேட்டால் எதற்கும் சரியான பதில் வரும். அப்படியானால் அவருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? ஒரு விழாவைத் திறந்தவெளியில் நடத்தினால் வெயில் நாளில் 100 பங்கு லாபம், மழை வந்தால் பூஜ்யம். மண்டபத்தில் நடத்தினால் எப்படியும் 60. மழைக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. தெரியாமல் முடிவெடுத்தால் திறந்தவெளிக்குச் சராசரி 50தான், எனவே மண்டபம், 60. முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி முறை 100, பாதி முறை 60, சராசரி 80. ஆக அந்த ஞானியின் பதில் 20 பெறும். அதற்கு மேல் கொடுத்தால் நஷ்டம். இதை 'வேல்யூ ஆஃப் கிளேர்வாயன்ஸ்' என்கிறார்கள். உலகத்திலேயே ஞானதிருஷ்டிக்கு நியாயமான விலை போட்ட ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்.

அவரையே வைத்து ஒரு தேர்வும் உண்டு. நீங்கள் கேட்கும் கேள்விக்கு அந்த ஞானி உங்களைத் திருப்பி எதுவும் கேட்காமல் பதில் சொல்ல முடியுமா? 'நம் புதிய திட்டம் வெற்றி பெறுமா?' என்று கேட்டால் அவரே முழிப்பார், வெற்றி என்றால் என்ன என்று கேட்பார். 'இந்த டிசம்பர் 31க்குள் ஆயிரம் பேர் சேர்ந்திருப்பார்களா?' என்றால் பட்டென்று சொல்லிவிடுவார். எல்லாம் தெரிந்தவருக்கே புரியாத கேள்வி, கேள்வியே அல்ல. என் மூன்றாம் பக்க மின்னஞ்சல் இந்தத் தேர்வில் தோற்றுத்தான் போயிருக்கும்.

தத்துவத்திலும் ஓர் ஆள் இருக்கிறார். 1980இல் லாரன்ஸ் பாஞ்சூர் படைத்த நார்மன். நார்மனுக்கு முழு நம்பகமான கிளேர்வாயன்ஸ் உண்டு, ஆனால் அது தனக்கு இருப்பதற்கு அவரிடம் எந்தச் சான்றும் இல்லை. ஒருநாள் அதிபர் நியூயார்க்கில் இருக்கிறார் என்று அவருக்குத் தோன்றுகிறது. உண்மையிலேயே அங்கேதான் இருக்கிறார். இப்போது நார்மனுக்கு அது 'தெரியும்' என்று சொல்லலாமா, அல்லது அவர் சும்மா நம்பியது சரியாகப் போய்விட்டதா? பாஞ்சூர் தெரியாது என்பார். இன்றும் அறிவைப் பற்றிய பாடங்களில் மாணவர்கள் நார்மனை வைத்துச் சண்டை போடுகிறார்கள்.

தமிழில் என்ன சொல்வது

ஆற்றலுக்கு 'ஞானதிருஷ்டி' நன்றாகப் பொருந்தும். அதிலும் பார்வை இருக்கிறது, பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் புரிகிறது. ஆய்வு பற்றிய கட்டுரை என்றால் 'புலன்கடந்த பார்வை' என்று விளக்கமாக எழுதலாம். 'தொலைநோக்கு' எழுத்துக்கு எழுத்து அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைத் திட்டங்களுக்கும் தலைவர்களுக்கும் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டோம். 'தீர்க்கதரிசனம்' பிராஃபெசியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரெஞ்சு அரசியல்வாதியின் விஷயத்தில் 'தெளிந்த பார்வை' என்று எழுதினால் போதும், ஞானதிருஷ்டி வேண்டாம்.

எப்படியும் ஜோதிடம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் என்று மேலே அத்தனை தூரம் சொன்னேன். ஆனால் அந்த ஆங்கிலேயரின் வரியை மட்டும் தமிழாக்கச் சொன்னால், நான் வேறு எதையும் தேட மாட்டேன். "எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"